நிற்கிறது என்று எழுதிவிட்டேன்

ஜனவரி 17, 2025, வெள்ளி

காலையில் மிளகு பறித்தேன். மதியத்துக்கு மேல் ஸ்லைடு செய்ய உட்கார்ந்தேன். முனைவர் பட்ட வைவாவுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ஆய்வேட்டைக் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. இரண்டு தேர்வாளர்களின் அறிக்கையும் நல்லபடியாக வந்துவிட்டது. இனி எல்லாம் சடங்குதான் என்கிறார் என் வழிகாட்டி முருகானந்தம் சார்.

அண்ணன் யுவராஜ்தான் என் உயிரை எடுக்கிறான். பொது வாய்மொழித் தேர்வு என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று நான் வாய் தவறிச் சொன்னது தப்பு. எங்கள் ஊர் தேவனூரிலிருந்து பதினெட்டுப் பேருக்கு வேன் சொல்லிவிட்டான். "எங்களுக்கும் புரியற மாதிரி ஒரு படம் போடு" என்று வேறு கட்டளை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

எப்படிப் புரியவைப்பது? ஒரு நீளக் கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள் என்று தொடங்கலாம். கம்பியின் சில பகுதியில் மதிப்பு கூட்டல் ஒன்று, சில பகுதியில் கழித்தல் ஒன்று. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மயிரிழை அகலத்தில் ஓர் அடுக்கு. அதற்குள் மதிப்பு சரேலென்று மாறும். மலைப் பாதையில் இந்த அடியில் வெயில், அடுத்த அடியில் மூடுபனி என்று இருக்குமே, நடுவில் இருக்கிற அந்த ஒரு அடி மாதிரி. அந்த அடுக்குகள் காலப்போக்கில் நகருமா, நிற்குமா? கேள்வி இவ்வளவுதான். பழைய சமன்பாடுகளில் அவை ஆமையைவிட மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும் என்று எப்போதோ காட்டிவிட்டார்கள். எங்கள் சமன்பாட்டில் ஒரு கூடுதல் உறுப்பு இருக்கிறது. அதனால் இரண்டு அடுக்குகள் போதுமான தூரத்தில் இருந்தால் நின்றேவிடும். என் நான்காம் அத்தியாயம் அதுதான். ஆறு வருஷ உழைப்பு, அந்த ஒரு "நின்றுவிடும்".

அதைக் கணினியில் ஓட்டி வீடியோ எடுத்தால் மூன்று விநாடியில் முடிந்துவிடுகிறது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள மாற்றம் பத்துக் கோடியில் ஒரு பங்குக்குக் கீழே போனால் "நின்றுவிட்டது, நிறுத்து" என்று நிரலில் ஒரு வரி இருக்கிறது. நாங்கள் எல்லோரும் எழுதும் வரிதான். அதை எடுத்துவிட்டு ஓட விட்டிருக்கிறேன். நிற்பதையே நீளமாகப் பார்க்கட்டும் எங்கள் ஊர்க்காரர்கள்.

ஜனவரி 19, ஞாயிறு

மதியம் கரண்ட் போய் நாலு மணிக்கு வந்தது. விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓட விட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

காலையில் கணினியைத் திறந்தால் திரையில் ஒரு நேர்கோடு.

இரண்டு அடுக்குகளையும் காணோம். அவற்றுக்கு நடுவில் கூட்டல் ஒன்றாக இருந்த மேட்டையும் காணோம். கம்பி முழுக்கக் கழித்தல் ஒன்று.

எங்கேயோ பிழை. கரண்ட் போய் வந்ததில் கோப்பு கெட்டிருக்கும். மறுபடி முதலிலிருந்து ஓட விட்டுவிட்டுக் காட்டுக்குப் போனேன். ஏணியில் நின்று பறிக்கும்போது கை வேலை செய்தது, கண் எதையும் பார்க்கவில்லை. அம்மா கீழேயிருந்து, "பச்சைக் காயெல்லாம் பறிச்சுப் போடறியே கண்ணு, என்ன ஆச்சு உனக்கு" என்றாள்.

ஜனவரி 22, புதன்

புள்ளிகளை இரட்டிப்பாக்கினேன். நேர்கோடு. காலப் படியைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தேன். நேர்கோடு. வேறு முறையில் புதிதாக எழுதி ஓட்டினேன். அதிலும் நேர்கோடு.

படம் படமாகப் பின்னோக்கிப் பார்த்தேன். வெகு நேரம் ஒன்றுமே நடக்காது. அப்புறம் பத்தாவது தசமத்தில் ஒரு இலக்கம் மாறுகிறது. அப்புறம் ஒன்பதாவதில். இரண்டு அடுக்குகளும் ஒன்றையொன்று நோக்கி வருகின்றன. நெருங்க நெருங்க வேகம் கூடுகிறது. கடைசியில் கண் இமைக்கும் நேரத்தில் மோதி, இரண்டும் இல்லாமல் போகின்றன.

கணினி தப்பு செய்யவில்லை. நான் அதை நடுவழியில் நிறுத்திவிட்டு, அது நிற்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 23, வியாழன்

அப்படியென்றால் நிறுவல்? தேற்றம் இருக்கிறதே, அது என்ன ஆச்சு?

காலையிலிருந்து அதையே பார்த்தேன். அடுக்கின் வேகத்தை எப்சிலான், அதன் வர்க்கம், கனம் என்று தொடராக விரித்திருக்கிறேன். எப்சிலான் என்பது அடுக்கின் அகலத்தைக் குறிக்கும் மிகச் சின்ன எண். முதல் கெழு பூஜ்யம். வர்க்கத்தின் கெழு பூஜ்யம். கனத்தின் கெழுவும் பூஜ்யம். எத்தனை தூரம் போனாலும் பூஜ்யம். எல்லாமே பூஜ்யம் என்றால் வேகமும் பூஜ்யம் என்று எழுதிவிட்டேன். பக்கம் 87-இல், "மீதியுள்ள உறுப்பு எப்சிலானின் எந்தப் படியையும்விடச் சிறியது, ஆகவே விட்டுவிடலாம்" என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

விட்டுவிட்ட அந்த உறுப்புதான் வேகம். எப்சிலானின் எந்தப் படியையும்விடச் சிறியது. ஆனால் பூஜ்யம் இல்லை.

நிறுவலைச் சரிபார்க்கக் கணினியைக் காட்டினேன், கணினியைச் சரிபார்க்க நிறுவலைக் காட்டினேன். வேலிக்கு ஓணான் சாட்சி. இதையா ஆறு வருஷம் செஞ்சே? உன் புத்தியை எங்கடி அடகு வெச்சே?

ஜனவரி 24, வெள்ளி

பயமாக இருக்கிறது. வேறு எதுவும் எழுத வரவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

அண்ணன் மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்தான். எட்டுக்குப் பத்து. என் முகம் பூசணிக்காய் அளவுக்கு. கீழே "முனைவர் சி. சண்முகப்பிரியா". இன்னும் வைவாவே முடியவில்லை, எதற்கு இப்போதே என்று கத்தினேன். "அன்னிக்குக் காலையில போய் அடிச்சா காயுமா?" என்கிறான்.

அப்பா அதைப் பிரித்துக் களத்தில் விரித்துப் பார்த்தார். ஓரத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துண்டால் துடைத்தார். அதற்கு மேல் பார்க்க முடியாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

மார்ச் ஒன்றாம் தேதிக்குள் பட்டச் சான்றிதழோடு வந்தால் வேலை என்று கரூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறது. அதுவும் போகும். எல்லாம் போகும்.

ஜனவரி 28, செவ்வாய்

வீட்டில் சிக்னல் விட்டு விட்டு வருகிறது. சோளக்காடு ஊருக்குப் போய் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே நின்று சாரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "எவ்வளவு நேரம் ஓட்டுனா அழியுது?" என்றார். சொன்னேன்.

"அவ்வளவு நேரம் யாரும்மா ஓட்டுவா? எந்த ஆய்வுக்கூடத்துல அவ்வளவு நேரம் பார்ப்பாங்க? நடைமுறைக்கு நின்னது நின்னதுதான்."

"தேற்றத்துல 'எப்பவும்'னு எழுதியிருக்கேன் சார்."

"வைவா முடியட்டும். அப்புறம் நிதானமா ஒரு கட்டுரையா போட்டுக்கலாம். இப்ப யாருகிட்டயும் மூச்சு விடாதே. உனக்காகத்தான் சொல்றேன்."

எனக்காகத்தான் சொல்கிறார், அது உண்மை. நான்காம் அத்தியாயம் பத்திரிகையில் கட்டுரையாக வந்தபோது அதில் அவர் பெயரும் இருந்தது, அதுவும் உண்மை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார். வெட்கம் என்னவென்றால், போனை வைத்ததும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. அன்னாசிப்பழம் ஒரு துண்டு வாங்கித் தின்றேன். நாலு நாளுக்குப் பிறகு வாய்க்கு ருசி தெரிந்தது.

ஜனவரி 31, வெள்ளி

சுமித்ரா பேசினாள். எனக்கு மூன்று வருஷம் ஜூனியர், அதே சாரிடம் ஆய்வு செய்கிறாள். என் நான்காம் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு அதைக் கம்பியிலிருந்து தளத்துக்கு விரித்திருக்கிறாள். அவளுடைய எல்லாத் தேற்றமும் "பிரியா அக்காவின் தேற்றத்தின்படி" என்றுதான் ஆரம்பிக்கும்.

"அக்கா, திங்கக்கிழமை சினாப்சிஸ் குடுக்கறேன். உங்க பேரை எத்தனை தடவை போட்டிருக்கேன் தெரியுங்களா? பதினொரு தடவை."

சினாப்சிஸ் என்பது ஆய்வேட்டுக்கு முன்னால் கொடுக்கும் சுருக்கம். "நல்லா பண்ணு" என்றேன்.

நல்லா பண்ணு. அவ்வளவுதான் சொன்னேன். சொல்ல வாய் எடுத்தேன், சிக்னல் போய்விட்டது என்று எழுதிக்கொள்ளலாம். போகவில்லை. நான்தான் வைத்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

இன்று அவள் கொடுத்திருப்பாள்.

சாப்பாடு இறங்கவில்லை. தூங்கினால் ஃப்ளெக்ஸ்தான் வருகிறது. வெளித் தேர்வாளர் பேராசிரியர் அப்பாசாமி. கோவைப் பக்கம், இந்தத் துறையில் முப்பது வருஷம். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தீங்களா?" பார்த்தேன் என்றால் செத்தேன். பார்க்கவில்லை என்றால் பொய். கேட்காமல் விட்டால்? கேட்காமல் விட்டால் ஆயுசு முழுக்க யாராவது கேட்டுவிடுவார்களோ என்று வகுப்பில் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

சும்மா இருக்க முடியாமல், அடுக்குகளுக்கு நடுவில் உள்ள தூரத்தை மாற்றி மாற்றி ஓட்டினேன். தூரத்தைத் துளி கூட்டினால் அழியும் காலம் எழுபது மடங்கு ஆகிறது. காலத்தின் மடக்கையை வரைபடத்தில் போட்டேன். புள்ளிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் விழுந்தன, அளவுகோல் வைத்த மாதிரி. நான் விட்டுவிட்ட உறுப்பைக் கையால் கணக்கிட்டேன். அதே சாய்வு. இரண்டாவது தசமம் வரைக்கும் அதே.

ஒரு நிமிஷம் பயம் போய்விட்டது. இவ்வளவு அழகான ஒன்றை நான் குப்பையில் போட்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அப்புறம் கீழே அண்ணன் வேன்காரனிடம் பேசுவது கேட்டது. பயம் திரும்பி வந்துவிட்டது.

பிப்ரவரி 8, சனி

களத்தில் மிளகு துழாவிக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: "ஏன் சாமி மூஞ்சி இப்படி வாடிக் கெடக்குது? வர்றவன் ஏதாச்சும் கேட்டுப்போடுவான்னு பயமா?"

"நான் எழுதுனது தப்புங்கப்பா. நிக்குதுன்னு எழுதுனேன், நகருது."

"எவ்வளவு நகருது?"

"கண்ணுக்கே தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாததை அவன் மட்டும் எப்படிப் பார்ப்பான்?" என்றார். பிறகு, "வேனுக்குச் சொல்லியாச்சே கண்ணு" என்றார். அவருக்கும் பயம் வந்துவிட்டது என்று தெரிந்தது. அவருக்கு எதற்கு இதைச் சொன்னேன்?

பிப்ரவரி 14, வெள்ளி

சேலத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போய் வந்தேன். மலைப் பாதையின் எழுபது வளைவும் இறங்குவதற்குள் மூன்று தடவை மனசு மாறியது. கடைசியில் சார் அறையில் நின்றுகொண்டே சொன்னேன்: "வைவாவுல நானே சொல்லிடறேன் சார்."

அவர் இவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்றதுக்குப் பேரு நேர்மை இல்ல, திமிரு" என்றார். "ரெண்டு தேர்வாளரும் ஏத்துக்கிட்டதை நீ எந்திரிச்சு நின்னு தப்புங்கறே. என்னை என்னன்னு நினைப்பாங்க?" மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். சொல்லத்தான் போகிறேன் என்று மறுபடி சொன்னேன். போ என்று கையைக் காட்டினார்.

சுமித்ராவை கேன்டீனுக்குக் கூட்டிப் போய்ச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. டீயை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, "எப்ப தெரியும்?" என்றாள்.

"ஜனவரி இருபத்திமூணு."

விரல் விட்டு எண்ணினாள். "முப்பத்தொண்ணாம் தேதி நான் உங்ககிட்ட பேசினேன். நல்லா பண்ணுன்னீங்க." எழுந்து போய்விட்டாள்.

சார் கத்தியதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. இவளிடம்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்? பட்டம் போய்விடுமே என்ற பயத்தில் இவள் இருப்பதே மறந்துவிட்டது. மறக்கவில்லை. தள்ளிப் போட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

நாளைக்கு. அம்மா பட்டுப்புடவையை வெயிலில் போட்டு எடுத்தாள். நான் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர்க்காரர்கள் பதினெட்டுப் பேரும் முன் வரிசை இரண்டிலும் உட்கார்ந்தார்கள். சுமித்ரா கடைசி வரிசை. மூன்று அத்தியாயம் ஓடியதே தெரியவில்லை. நான்காவது வந்ததும், "இந்த அத்தியாயத்தின் முதன்மைத் தேற்றம் தவறு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். சார் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாசாமி சார் முன்னால் சாய்ந்தார். "எங்கீங்க தவறு?"

பக்கம் 87-ஐக் காட்டினேன். பிறகு நிரலின் அந்த வரியைக் காட்டினேன். அதை எடுத்துவிட்டு ஓட்டியதைக் காட்டினேன். வெகுநேரம் நிற்கிற மேடு கடைசியில் பட்டென்று மறைந்ததும் ஊர்க்காரர்கள் பக்கம் யாரோ ஐயோ என்றார்கள்.

"அப்ப வேகம் என்னங்க?" என்றார். பலகையில் எழுதினேன். சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. "நிரல்ல அந்த வரியை இன்னொருக்கா காட்டுங்க" என்றார். காட்டினேன். வெகுநேரம் அதையே பார்த்தார். தன் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

எங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பேசினார்கள். நாற்பது நிமிஷம். பிறகு முருகானந்தம் சார் எழுந்து, நான்காம் அத்தியாயத்தை ஆறு மாதத்துக்குள் திருத்தி எழுத வேண்டும், அதன் பிறகு மீண்டும் வாய்மொழித் தேர்வு, இப்போது பட்டத்துக்குப் பரிந்துரை இல்லை என்று ஆங்கிலத்தில் படித்தார். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் கை தட்டினார்கள்.

வேனில் அப்பா கேட்டார்: "பாஸா, பெயிலா?"

"ரெண்டும் இல்லீங்கப்பா. இன்னொருக்கா எழுதணும்."

"எழுதுவியா?"

"எழுதுவேன்."

"அப்ப சரி" என்றார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கரூர்க் கல்லூரிக்கு எழுதிவிட்டேன். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்கள். பார்க்க மாட்டார்கள்.

ஏப்ரல் 11, வெள்ளி

கட்டுரை வந்த பத்திரிகைக்குத் திருத்தக் கடிதம் அனுப்பினோம். "பிழை எங்களுடையது" என்ற வரிக்குக் கீழே சார் தன் பெயரை முதலில் போட்டு, என் பெயரை இரண்டாவதாகப் போட்டிருந்தார். என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார், அவ்வளவுதான்.

சுமித்ரா சினாப்சிஸைத் திரும்ப வாங்கிக்கொண்டாளாம். இன்னொருவர் சொல்லித் தெரிந்தது.

ஜூன் 6, வெள்ளி

திருத்திய அத்தியாயம் போய்விட்டது. தலைப்பு: "அடுக்குகளின் மிக மெதுவான நகர்வு". அனுப்பிய நாளிலிருந்து பழைய பயம் மறுபடி. இதில் எதை விட்டுவிட்டேனோ?

ஜூலை 9, புதன்

சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழம் இறக்கிக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. பேராசிரியர் அப்பாசாமி. கையில் பலாப் பிசின். துடைக்கக்கூட முடியாமல் எடுத்தேன். தேர்வாளர் நேரடியாகக் கூப்பிடுவது வழக்கமே இல்லை.

"ரிப்போர்ட் நேத்தே அனுப்பிட்டேங்க. நல்லா வந்திருக்குது. பட்டத்துக்குப் பரிந்துரை பண்ணியிருக்கேன். அடுத்த வைவா சும்மா பேருக்குத்தான்."

நான் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். நன்றிங்க சார் என்றேன்.

"நான் கூப்பிட்டது அதுக்கில்லீங்க" என்றார். பஸ் ஒன்று வந்து நின்று, ஆள் இறக்கி, போயும் விட்டது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அந்த ஒரு வரி. எங்க நிரல்லயும் இருக்குதுங்க. பதிமூணு வருஷமா இருக்குது. வேற சமன்பாடுதான், ஆனா அதே வரி. மார்ச் மாசமே எடுத்துட்டு ஓட்டிப் பார்த்தேன்."

"நகருதுங்களா சார்?"

"நகருதுங்க."

அதை வைத்து அவரிடம் இரண்டு பேர் பட்டம் வாங்கி வேலையில் இருக்கிறார்களாம். மூன்றாவதாக ஒரு பெண், அடுத்த வாரம் சினாப்சிஸ் கொடுக்கப் போகிறாள். மார்ச்சிலிருந்து ஒருவரிடமும் சொல்லவில்லை என்றார். சாப்பாடு இறங்கவில்லை என்றார். முப்பது வருஷம் சம்பாதித்த பேரு என்றார். வைவாவில் என்னைக் கேள்வி கேட்ட அதே குரல், இப்போது தண்ணீர் கேட்கிற மாதிரி இருந்தது.

"எப்படிங்க சொன்னீங்க அன்னிக்கு? மொதல்ல யாருகிட்டங்க சொல்றது? துணைவேந்தர்கிட்டயா, பத்திரிகைக்கா?"

"அந்தப் பொண்ணுகிட்டங்க சார். இன்னிக்கே."

"பயமா இருக்குதுங்க" என்றார்.

"எனக்கும் இருந்துச்சுங்க சார். இருபத்திரண்டு நாள் தள்ளிப் போட்டேன். என் ஜூனியர் இன்னும் எங்கிட்ட பேசறதில்லை."

சரிங்க என்றார். ஆனால் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.